பெரட்டுக் களத்தில் வர்க்கம்



ஒரு குடும்பத்தின் நிலையைச் சொல்ல நம் நாட்டில் சில ஆண்டுகளாக மூன்று சொற்களே போதும் என்றாகிவிட்டது. பி40, எம்40, டி20. பள்ளிக்கு எந்த உதவித் திட்டம் வந்தாலும் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து இந்த மூன்றில் ஒன்றில் அடைத்துவிடுகிறோம். 2019ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி மாதம் 4,850 ரிங்கிட்டுக்குக் கீழே ஈட்டும் குடும்பம் பி40, 10,959 ரிங்கிட்டைத் தாண்டினால் டி20, இடைப்பட்டது எம்40. உதவி யாருக்குச் சேர வேண்டும் என்று முடிவு செய்ய ஏதேனும் ஒரு கோடு வேண்டும்தானே! அதில் எனக்குக் குறையில்லை.

சென்ற வாரம் ஆசிரியர் அறையில், பணியில் சேர்ந்து ஓராண்டு கூட நிறையாத இளம் ஆசிரியர் ஒருவர், "மார்க்ஸ் சொன்ன வர்க்கமும் இதுதானே ஐயா? ஏழை, நடுத்தரம், பணக்காரர்..." என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அவருக்கு நான் பட்டிருக்கும் கடனை இங்கே தீர்க்கிறேன்.

நம் பாலோவிலேயே இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டா. ஒருவர் பழைய லாரி ஒன்றுக்குச் சொந்தக்காரர். ஓட்டுநர் ஒருவரையும் எடுபிடிக்கு ஓர் இளைஞரையும் கூலிக்கு வைத்துச் செம்பனைக் குலை ஏற்றுகிறார். வங்கித் தவணையும் டயரும் போக, நல்ல மாதத்தில் அவர் கையில் நிற்பது நாலாயிரம் ரிங்கிட். இன்னொருவர் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குகிறார். ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் ஊருக்கு வருகிறார். நாணய மாற்றின் புண்ணியத்தில் அவருக்கு ஏழாயிரம். படிவத்தின்படி கூலிக்கு ஆள் வைத்தவர் பி40. கூலிக்குப் போகிறவர் எம்40. மார்க்சின் கணக்கில் முன்னவர், தாமும் உடன் உழைக்கும் சிறு முதலாளி, பின்னவர் தொழிலாளி. சம்பளத்தின் அளவு வேறு. அது எந்த வழியாக வருகிறது என்பது வேறு. மார்க்ஸ் கேட்டது இரண்டாவது கேள்வியை. உற்பத்திக்கு வேண்டிய நிலம், பொறி, மூலதனம் ஆகியவை யார் கையில் உள்ளன? அவை இல்லாதவர் உயிர்வாழ எதை விற்கிறார்? உழைத்ததில் எஞ்சிய பகுதி யாரிடம் போய்ச் சேர்கிறது? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைதான் வர்க்கம். அஃது ஏணியின் படி அன்று. இரு தரப்பாருக்கு இடையிலான உறவு. ஒரு தரப்பு இல்லாமல் மறு தரப்பு இல்லை.

இதைச் சொல்ல ஆங்கிலத்தைவிடத் தமிழ் எளிது என்பது என் எண்ணம். முதலை ஆள்பவர் முதலாளி; தொழிலை ஆள்பவர் தொழிலாளி. இரண்டு சொற்களுக்குள்ளேயே இலக்கணம் அடங்கிவிட்டது. ஒருவரிடம் முதல் இருக்கிறது, மற்றவரிடம் தொழில் மட்டுமே இருக்கிறது. 'கூலி' என்ற சொல்லின் கதைதான் வேதனையானது. வேலைக்குக் கொடுத்த விலையின் பெயரையே வேலை செய்த மனிதருக்கும் சூட்டிவிட்டார்கள். ('வர்க்கம்' என்றால் என் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது வர்க்கமூலம்தான். அது வேறு பாடம்!)

இவ்வளவு எழுதிய மார்க்ஸ் வர்க்கத்திற்கு ஒரு முழுமையான வரையறை தந்தாரா என்றால், இல்லை. 'மூலதனம்' மூன்றாம் தொகுதியின் கடைசி அத்தியாயத்தின் தலைப்பே 'வர்க்கங்கள்'. கூலியில் வாழ்வோர், இலாபத்தில் வாழ்வோர், நில வாடகையில் வாழ்வோர் என்று மூன்று பெரும் வர்க்கங்களைச் சொல்லித் தொடங்குகிறார். அடுத்து, ஒரு வர்க்கத்தை வர்க்கமாக்குவது எது என்று கேட்கிறார். வருமானத்தின் மூலத்தை வைத்துப் பிரித்தால் மருத்துவர்களும் அரசு அதிகாரிகளும் தனித்தனி வர்க்கங்களாகிவிடுவார்களே என்று ஐயம் எழுப்புகிறார். அந்த இடத்தில் கையெழுத்துப்படி நின்றுவிடுகிறது. 1883இல் அவர் மறைந்தார். எங்கெல்ஸ் 1894இல் அதை அப்படியே அச்சிட்டார். விடைத்தாளில் கேள்வியை மட்டும் எழுதிவிட்டுப் போன மாணவரைப் போல என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எஞ்சியதை அவருடைய மற்ற நூல்களிலிருந்து நாம்தாம் கோத்தெடுக்க வேண்டும்.

அப்படிக் கோக்கும்போது, தோட்டத்தில் பிறந்த என்னைப் போன்றவர்களுக்கு முதல் தொகுதியின் இறுதி அத்தியாயம் முகத்தில் அறைந்தாற்போல் இருக்கும். பீல் என்ற ஆங்கிலச் செல்வரின் கதை அதில் வருகிறது. அவர் மேற்கு ஆஸ்திரேலியாவின் சுவான் ஆற்றுப் பகுதிக்கு 50,000 பவுண்டு பெறுமான பொருள்களோடு, ஆண் பெண் குழந்தைகளென 3,000 உழைப்பாளிகளையும் ஏற்றிக்கொண்டு போனாராம். கரையிறங்கியதும் அவருக்குப் படுக்கை விரிக்கக்கூட ஓர் ஆள் மிஞ்சவில்லை. அங்கே நிலம் கிடைத்தது. ஏன் இன்னொருவரிடம் கூலிக்கு நிற்க வேண்டும்? பணமும் கருவியும் இருந்தால் மட்டும் ஒருவர் முதலாளி ஆகிவிட முடியாது. வேறு வழியின்றித் தம் உழைப்பை விற்பவர் எதிரே நிற்க வேண்டும். பீல் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றினார். அந்த உறவை மட்டும் ஏற்றிச் செல்ல அவரால் இயலவில்லை.

மலாயாவிலும் துரைமார் சந்தித்தது இதே சிக்கல்தான். மலாய்க் குடியானவருக்குக் கம்பத்தில் நிலம் இருந்தது. ஆறும் வயலும் இருந்தன. விடியும் முன் எழுந்து வெள்ளைக்காரர் தோட்டத்தில் வரிசையில் நிற்க அவருக்குத் தேவை இருக்கவில்லை. அவரைச் 'சோம்பேறி' என்று எழுதிவைத்தார்கள். பிறகு, நிலமும் நீரும் இல்லாதவர்களைத் தேடித் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் சேலத்துக்கும் ஆள் அனுப்பினார்கள். முதலில் ஒப்பந்தக் கூலி முறை. அது 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு இணையாக வளர்ந்த கங்காணி முறை 1938 வரை நீடித்தது. இந்திய அரசு அவ்வாண்டில் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடுத்தது. ஜொகூரின் காட்டை ஊடறுத்துச் சென்ற தொடர்வண்டிப் பாதை 1909இல் நிறைவுற்றது. லாபீஸ், பெக்கோக், பாலோ, குளுவாங் என்று நிலையங்கள் வரிசையாக வந்தன. நிலையங்களைச் சுற்றிப் பால்மரங்கள் வந்தன. பால்மரங்களுக்காக நாம் வந்தோம். பீல் செய்யத் தவறியதை இங்கே கவனமாகச் செய்து முடித்தார்கள்.

தோட்டத்தின் அடுக்கு, என் வயதையொத்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். மேட்டில் துரையின் பங்களா. அதற்குச் சற்றுக் கீழே கிராணிமார் வீடுகள். லயன் வீட்டு வரிசையின் முனையில், திண்ணை கொஞ்சம் அகலமாக, கங்காணி வீடு. அதன்பின் நாங்கள். இந்த அடுக்கைத்தான் வர்க்கம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் துரை முதலாளியா? அவரும் மாதச் சம்பளக்காரர். தோட்டம் இலண்டனில் பதிவான நிறுவனத்துக்குச் சொந்தம். நிறுவனம், ஒரு பால்மரத்தைக்கூடக் கண்ணால் பார்த்திராத பங்குதாரர்களுக்குச் சொந்தம். மேற்பார்வை செய்கிறவர் உடைமையாளராக இருக்கத் தேவையில்லை, இசைக் குழுவை நடத்துகிறவருக்கு வாத்தியங்கள் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை என்பதைப் போல, என்று மார்க்சே ஓரிடத்தில் விளக்குகிறார். உண்மையான முதலாளி பெரட்டுக் களத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

இந்த அடுக்கில் என்னை நெடுங்காலம் குழப்பியவர் கங்காணிதான். காரணம், எங்கள் தோட்டத்துக் கங்காணி என் பெரியப்பா. அப்பாவுக்கு உடன்பிறந்த அண்ணன். ஒரே லயன் வீட்டில் வளர்ந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவினார்கள். மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தேநீர் குடிக்கும்போது அப்பாவுக்கு அவர் 'அண்ணே'. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அவர் 'கங்காணி'. அப்பா ஒருநாளும் அங்கே அண்ணே என்று அழைத்ததில்லை. ஒரு முறை காய்ச்சலோடு போன அப்பாவுக்கு அரைப்பேர் போட்டவரும் பெரியப்பாதான். அன்று மாலை கசாயம் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். சின்னப் பிள்ளையான எனக்கு அவர் நல்லவரா கெட்டவரா என்று முடிவு கட்ட முடியவில்லை.

தியாகு தமிழாக்கிய 'மூலதன'த்தைப் பின்னாளில் படித்தபோதுதான், கேள்வியே தவறு என்று விளங்கிற்று. அவர் நல்லவரா என்பதன்று கேள்வி. அவர் நின்ற இடம் எது? பழைய கங்காணிக்குத் 'தலைக்காசு' உண்டு. தாம் கொண்டுவந்த ஆள்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கும் நாள்தோறும் ஒரு தொகை. அதாவது, மற்றவர் உழைப்பின் அளவே அவருடைய வருமானத்தின் அளவு. ஆனால் மரமும் அவருடையதன்று, மண்ணும் அவருடையதன்று. எரிக் ஓலின் ரைட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970களில் இத்தகையோருக்கென்றே ஒரு பெயர் வைத்தார்: முரண்பட்ட வர்க்க இருப்பிடம். ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். பெரியப்பா காலத்தில் தலைக்காசு போய்ச் சம்பளம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும் நிலை மட்டும் போகவில்லை.

வர்க்கம் என்றால் வயிற்றுப்பாடு மட்டுமே என்று எண்ணுகிறவர்களுக்கு 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தை நினைவூட்ட விரும்புகிறேன். ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், பெண்களிடம் அத்துமீறக் கூடாது என்பனவும் இருந்தன. இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம்! அரைக் காசு செலவில்லாத கோரிக்கை அது. அதற்குத்தான் அவர்கள் மிகவும் சினந்தார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மே மாதத்தில் நாதன் கைதானார்; படை வந்தது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்; நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்கள், தம்மையொத்தோர் ஆயிரக்கணக்கில் இருப்பதை அந்த நேரத்தில் கண்டுகொண்டார்கள். ஒரே நிலையில் இருப்பது வேறு. ஒரே நிலையில் இருக்கிறோம் என்று அறிந்து சேர்ந்து நிற்பது வேறு. மார்க்சியர்கள் இதைத் 'தன்னளவில் வர்க்கம்', 'தனக்கான வர்க்கம்' என்று பிரிக்கிறார்கள். இவற்றுள் முதலாவது தானாக அமைகிறது. இரண்டாவதற்கு ஆள் கூட வேண்டும், பேச வேண்டும், சில நேரம் சாகவும் வேண்டும். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். அதற்குப் பின் பல்லாண்டுகள் வர்க்கம் என்ற சொல்லையே எங்கள் பெரியவர்கள் தாழ்ந்த குரலில்தான் உச்சரித்தார்கள். 1954இல் பி. பி. நாராயணன் தலைமையில் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பேரம் பேசிற்று, கூலி உயர்ந்தது. அப்பாவும் சந்தா கட்டினார். பெரியப்பா கட்டவில்லை.

நான் படிவம் மூன்றில் படித்துக்கொண்டிருந்த ஆண்டில் எங்கள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடப்போவதாகவும், வேலைக்குக் குத்தகை ஆள்கள் வருவார்கள் என்றும் சொன்னார்கள். 1980ஆம் ஆண்டு பணிநீக்க விதிமுறைப்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் கூலி இழப்பீடு. அப்பா 24 ஆண்டு உழைத்திருந்தார்: 480 நாள் கூலி. அந்தக் கணக்கில் வீடு என்ற சொல் எங்குமே இல்லை. நான் பிறந்த வீடு, தாத்தா இறந்த வீடு, வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனதும் வீடும் போயிற்று.

அறிவிப்புக் கடிதம் பெரியப்பாவுக்கும் வந்தது. அதே தாள், அதே தேதி. அவர் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று உறுதியாக நம்பினார். 31 ஆண்டு கம்பெனிக்காரராக இருந்தவர் அல்லவா? அவருக்கும் அதே 20 நாள் கணக்குதான். திரும்பி வந்து எங்கள் திண்ணையில் அமர்ந்தார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அம்மா தேநீர் போட்டுக் கொடுத்தார். அன்றுதான் அவர்கள் இருவரும் ஒரே வர்க்கம் என்பது எழுத்தில் உறுதியாயிற்று என்று இப்போது என்னால் சொல்ல முடியும். பெரியப்பா அதை இறுதிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த தோட்டத்தில் கங்காணி வேலை கிடைக்கும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை.

முதலாளித்துவத்துக்கு வேண்டிய தொழிலாளி இரட்டைப் பொருளில் 'சுதந்திரமானவர்' என்று மார்க்ஸ் சொல்வார். யாருக்கும் அடிமையல்லர் என்பது முதல் சுதந்திரம். எந்த உடைமையும் இல்லாதவர், அவற்றிலிருந்து 'விடுபட்டவர்', என்பது இரண்டாவது சுதந்திரம்! ஒப்பந்தக் கூலியாக வந்த கொள்ளுத்தாத்தாவுக்கு முதல் சுதந்திரம் இல்லை. தோட்டத்து வீடும் தோட்டத்துக் கடையும் தோட்டத்துக் கோவிலும் இருந்தவரை அப்பாவுக்கு இரண்டு சுதந்திரமும் அரைகுறை. தோட்டத்தைவிட்டு வெளியேறிய நாளில்தான் எங்கள் குடும்பம் பாடநூலில் உள்ளபடி முழுத் தொழிலாளி வர்க்கமாயிற்று. ஆனால் வர்க்கமாகச் சேர்ந்து நிற்பதற்கான இடத்தையும் அன்றே இழந்தோம். நான் இக்கட்டுரையில் சொல்ல வந்ததே இதுதான். ஒரே மணிக்கு எழுந்து, ஒரே களத்தில் நின்று, ஒரே திருவிழாவில் கூடிய நானூறு பேர், தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் சிதறிப் போனார்கள். ஒருவர் காவலாளி, ஒருவர் தொழிற்சாலையில் இரவு வேலை, ஒருவர் கிராப் ஓட்டுகிறார். பிரான்சின் சிறு விவசாயிகளைப் பற்றி 1852இல் எழுதும்போது, ஒரே வாழ்நிலை இருந்தும் ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாத அவர்களை மூட்டையில் கிடக்கும் உருளைக்கிழங்குகளோடு ஒப்பிட்டார் மார்க்ஸ். தொழிற்சாலையும் தோட்டமும் மக்களை ஒன்றுசேர்க்கும் என்று நம்பியவர் அவர். நம்மைத் தோட்டம் ஒன்றுசேர்த்தது. நகரம் மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டது.

உடைமை கை மாறினால் எல்லாம் மாறும் என்று நினைப்போரும் உண்டு. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில், ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குள், இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் கட்டுப்பாட்டை நம் நாட்டின் பி.என்.பி. கைப்பற்றியது. காலனிய நிறுவனம் ஒன்று நாட்டுக்குத் திரும்பியது. அதில் எனக்கும் பெருமையே. ஆனால் மறுநாள் விடியலில் பால்வாளியோடு போனவர் அதே வாளியோடுதான் போனார். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் எண்ணம் இதிலிருந்து வேறானது. துண்டு போடப்பட்டு விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தொழிலாளரின் சிறு பங்குப் பணத்தைத் திரட்டியே வாங்குவது! பால்மரம் சீவுகிறவரே பங்குதாரர். வர்க்கக் கோட்டின் மீதே கைவைத்த முயற்சி அது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கத்ரி 2007இல் சைம் டார்பியோடு இணைந்தது. அதன் தோட்டப் பிரிவாக இருந்த சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெயை, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின்பேரில் 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. சீர்திருத்தங்களுக்குப் பின் 2023இல் தடை நீங்கிற்று. 2024 முதல் அந்நிறுவனத்தின் பெயர் எஸ்டி கத்ரி. இன்று நாட்டின் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளத்தவர். ஆளைக் கொண்டுவருவதற்கு இப்போது முகவர் இருக்கிறார்; கங்காணி என்று யாரும் அழைப்பதில்லை.

இளம் ஆசிரியர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "அப்படியானால் நாம் யார் ஐயா?" இதற்கு மார்க்ஸ் ஆசிரியரையே எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறார். பள்ளி நடத்தும் முதலாளியைச் செல்வராக்குவதற்காக உழைக்கும்போது ஆசிரியரும் 'உற்பத்தித் திறனுள்ள' தொழிலாளிதான். முதலாளி தம் பணத்தைச் சாசேஜ் ஆலையில் போடாமல் பாட ஆலையில் போட்டிருக்கிறார், அவ்வளவே வேறுபாடு என்கிறார். ஆக, காலையில் அரசுப் பள்ளியிலும் மாலையில் ஒருவருடைய டியூஷன் நிலையத்திலும் கற்பிக்கிறவர் ஒரே பெருக்கல் வாய்பாட்டை இரண்டு வேறு உறவுகளில் நின்று சொல்லித் தருகிறார். அரசுப் பள்ளியில் என் உழைப்பால் எவருக்கும் இலாபமில்லை. சம்பளத்தை விட்டால் எனக்குப் பிழைப்பில்லை, அதனால் தொழிலாளி. வேலை நிலையானது, ஓய்வூதியம் உண்டு, ஊரில் 'வாத்தியார்' என்ற மதிப்பு உண்டு; அதனால் கங்காணி வீட்டுத் திண்ணையைப் போல என் திண்ணையும் கொஞ்சம் அகலம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பி.என்.பி. நிர்வகிக்கும் நிதிகள் எஸ்டி கத்ரியின் பெரும்பங்கைத் தம் கையில் வைத்துள்ளன. அந்நிதிகளுள் எல்லா இனத்தவரும் வாங்கக்கூடிய அமானா சஹாம் மலேசியாவில் எனக்கும் சில ஆயிரம் அலகுகள் உண்டு. வரிசையில் காத்திருந்து வாங்கியவை. ஆண்டுக்கொரு முறை பங்காதாயம் வருகிறது. சென்ற முறை அந்தப் பணத்தில் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சையை முடித்தோம். அம்மாவுக்கு இப்போது பார்வை தெளிவு. வாசலில் அமர்ந்து, குலை ஏற்றிப் போகும் லாரிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.